மூன்று சாவி

முதல் கூட்டத்தின் குறிப்பேட்டில்
என் கையெழுத்தில் இருப்பது இவ்வளவுதான்:
பொருள், வாழைப்பள்ளம் ஓடை.
வந்தவர் பதினொருவர். முடிவு ஏதுமில்லை.
தேநீருக்கு நூற்றுப் பத்து ரூபாய்.

எழுதாமல் விட்டவை:
காப்பித் தோட்டத்து லோபோ
சேகோ ஆலை அத்தியப்பனிடம்
"கீழே நாறுவது உங்கள் மாவுத் தண்ணீர்" என்றது.
"கறுப்பாய் இறங்கி வருவது
யார் வீட்டுப் பழச்சக்கை?" என்று
அத்தியப்பன் நாற்காலியைத் தள்ளி எழுந்தது.
வனவர் ஜெபசிங் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு
அந்த எல்லை தன்னுடையதல்ல என்று
மூன்று முறை சொன்னது.

மலையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த சீரங்காயி
கடைசியில்தான் வாய் திறந்தாள்:
"தண்ணிக்கு எந்த ஆபீசுங்க?"

பதில் இருக்கத்தான் இருந்தது.
பாறையில் கசியும்போது வனத்துறை.
மிளகுக் கொடிக்கடியில் ஓடினால் தோட்டம்.
கொண்டை ஊசி வளைவில்
குழாய்க்குள் நுழைந்தால் நெடுஞ்சாலை.
அடிவாரத் தடுப்பணையில் நின்றால் பொதுப்பணி.
ஏரியில் விழுந்தால் மாநகராட்சி.
சாக்கடையான பிறகு
யாருமில்லை.

ஆறாவது கூட்டத்தில் ஒரு பூட்டுக்கு ஒத்துக்கொண்டார்கள்.
இரவில் யாரோ மதகைத் திறக்கிறார்கள்,
விடிவதற்குள் வேறு யாரோ அடைக்கிறார்கள்,
திறந்தவருக்குக் கழிவு போகவேண்டும்
அடைத்தவருக்குக் கிணறு ஊறவேண்டும்.
ஆகவே மூன்று பூட்டு, மூன்று சாவி:
மேலே சீரங்காயி, நடுவில் லோபோ, கீழே அத்தியப்பன்.

முதலில் பூட்டுகளை ஒன்றோடொன்று கோத்து
சங்கிலியில் மாட்டிவிட்டோம்.
ஒன்றைத் திறந்தாலே எல்லாம் அவிழ்ந்துவிடும் என்பது
ஒரு வாரம் கழித்துதான் உறைத்தது,
மதகு ஒரு காலையில் ஆவென்று திறந்து கிடந்தபோது.
செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறை துளசிராம்
மூன்று துளையோடு இரும்புப் பட்டை ஒன்று அடித்து வந்தார்.
மூன்று பூட்டும் கழன்றால்தான் சக்கரம் அசையும்.
கூலி வேண்டாம் என்றார்.
அதைத் தீர்மானத்தில் நன்றியோடு பதிவுசெய்தேன்.

ஐப்பசி இருபத்தொன்று, இரவு பதினொன்றேகால்.
அணையில் தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தொட்டது.
கரைக்குக் கீழே எழுபது வீடு.
இருபது வளைவுகளையும் மழையில் இறங்கி
லோபோவின் ஜீப் வந்து நின்றது.
முன்சீட்டில் சீரங்காயி,
போர்வைக்குள் சாவி.
வழியெல்லாம் இருவரும் பேசவில்லையாம்,
பன்னிரண்டாம் வளைவில் விழுந்து கிடந்த
சவுக்கு மரத்தை இழுத்துப் போட்டபோது தவிர.

அத்தியப்பன் ஓமலூரில் ஒரு கல்யாண வீட்டில்.
அவர் மருமகள் மேகலை ஸ்கூட்டரில் வந்தாள்
எது என்று தெரியாமல்
பீரோவிலிருந்த பதினாறு சாவிகளையும் எடுத்துக்கொண்டு.
டார்ச் பிடித்து நின்றவர் ஜெபசிங்.
எல்லையைப் பற்றி அன்று ஒன்றும் சொல்லவில்லை.
ஒன்பதாவது சாவி திரும்பியது.
சக்கரத்துக்கு நான்கு பேர் கை தேவைப்பட்டது.

ஓடை தெளிந்துவிட்டதா என்று
மேலதிகாரி கேட்கிறார்.
இல்லை ஐயா.
பழம் கழுவிய தண்ணீர் இப்போது குழியில் நிற்கிறது,
பெரும்பாலான நாட்களில்.
சேகோ ஆலைத் தொட்டி ஒன்று கட்டி முடிந்தது,
இன்னொன்றுக்கு மணல் இறங்கியிருக்கிறது.
ஏரியோரம் நுரை போகவில்லை.
சித்திரையில் மட்டும்
அடிவாரக் கிணறுகளில் வாளிக் கயிறு
போன வருஷத்தைவிட நான்கு முழம் குறைவாய் இறங்கியது.
முடிச்சுப் போட்டு அளந்தவள் மேகலை.
குறிப்பேட்டில் இப்போது பன்னிரண்டாவது பெயர்.

நான்கு முழத்தை எந்தப் படிவத்தில் நிரப்புவது
என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்தேன்.

இன்று பதினேழாவது கூட்டம்.
பொருள்: பட்டறைகளின் அமிலக் கழிவு.
இத்தனை நாள் யாரும் அதை எடுக்கவில்லை.
கூலி வாங்காமல் பட்டை அடித்த மனிதரிடம்
எப்படிக் கேட்பது என்ற கூச்சம்.
கேட்கலாம் என்றவள் சீரங்காயி.
"அவுரு சாவியும் ஒண்ணு இருக்கட்டுங்க,
நாலாவது துளை போட அவருக்குத்தானே தெரியும்."

தேநீர் வந்துவிட்டது.
துளசிராமின் நாற்காலி காலி.
அத்தியப்பன் தன் டம்ளரின் மேல்
சாசரைக் கவிழ்த்து மூடுகிறார்.
யாரும் குடிக்கவில்லை.